பாக்கியைத் தீர்த்துவிட்டுப் போகட்டும்!

மில்லை மூடிவிட்டு ஓடும் முதலாளியை நம் தொழிலாளித் தோழர்களுக்கு நன்றாகத் தெரியும். முதல் நாள் ராத்திரி ஷிப்டு வரை ஆலை ஓடும். மறுநாள் காலையில் கேட்டில் நோட்டீஸ் தொங்கும். மிஷின் ஒருவன் கைக்குப் போயிருக்கும், நிலம் இன்னொருவன் கைக்குப் போயிருக்கும். சம்பள பாக்கி எங்கே, கிராஜுவிட்டி எங்கே, எங்கள் கூலியில் பிடித்த பிராவிடண்டு பண்டுப் பணம் எங்கே என்று கேட்டால், "வாங்கினவனைக் கேள்" என்பான் பழைய முதலாளி. "பழைய கணக்கு எனக்கெதற்கு?" என்பான் புது முதலாளி.

இந்தத் தந்திரத்தை ஒரு கடற்கரை முழுவதிலும் நடத்திக் காட்டியிருக்கிறது ஷெல் என்னும் பகாசுர எண்ணெய்க் கம்பெனி. ஆப்பிரிக்காவில் நைஜீரியா தேசத்தின் தென்கோடியில், நைஜர் நதி கடலில் கலக்கும் டெல்டாப் பிரதேசத்தில் அறுபது வருஷங்களுக்கு மேல் எண்ணெய் இறைத்த இந்தக் கம்பெனி, 2024 ஜனவரியில் தன் கரையோரக் கிணறுகளையும் குழாய்களையும் விற்கப் போவதாக அறிவித்தது. 2025 மார்ச்சில் விற்பனை முடிந்தது. விலை 240 கோடி டாலர் வரை. வாங்கியது ரினைசன்ஸ் என்ற பெயரில் சேர்ந்த கம்பெனிகளின் கூட்டு. பெரும்பாலும் நைஜீரிய முதலாளிகள். ஷெல் அந்த நாட்டை விட்டே போய்விடவில்லை. ஆழ்கடல் கிணறுகளையும் எரிவாயு வியாபாரத்தையும் கையில் வைத்துக்கொண்டிருக்கிறது. கரையில் ஊர் இருக்கிறது, ஜனங்கள் இருக்கிறார்கள், கேள்வி கேட்கிறார்கள். நடுக்கடலில் யார் கேட்பது?

கரையில் அது விட்டுச் சென்றது என்ன என்பதுதான் நாம் பேச வேண்டிய விஷயம்.

முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டைப் பார்த்தவர்கள் அதைப் பல மடங்கு பெருக்கி மனக்கண்ணில் நிறுத்திக்கொள்ளலாம். நைஜர் டெல்டா அப்படிப்பட்ட பூமி. ஆயிரம் கழிகள், ஆயிரம் ஓடைகள். தினம் இரண்டு முறை கடல் ஏறி உள்ளே வரும், இரண்டு முறை வடியும். நீருக்குள் இறங்கி நிற்கும் மரவேர்களில் மட்டி ஒட்டியிருக்கும், நண்டு வளை போட்டிருக்கும், மீன் முட்டையிடும். ஆண்கள் தோணியில் வலை வீசுவார்கள். பெண்கள் வற்றம் பார்த்துச் சேற்றில் இறங்கி நத்தையும் மட்டியும் பொறுக்குவார்கள். மேட்டு நிலத்தில் மரவள்ளியும் வள்ளிக்கிழங்கும். யாரும் பணக்காரர்கள் அல்ல. ஆனால் பசி என்று எவனும் கடன்காரன் வாசலில் போய் நிற்க வேண்டியதில்லாத பூமி.

வெள்ளைக்காரன் இந்த இடத்துக்கு வைத்த பெயரே 'எண்ணெய் ஆறுகள்' என்பது. 1885-ல் அந்தப் பெயரில் இதைத் தன் பாதுகாப்புப் பிரதேசம் என்று அறிவித்தான். அப்போது அவன் தேடி வந்தது பனைவகை மரத்தின் பழத்திலிருந்து பிழியும் பாமாயில். இங்கிலாந்தின் ஆலை மிஷின்களுக்கு மசகு போடவும் சோப்புக் காய்ச்சவும் அது தேவைப்பட்டது. 1886-ல் ராயல் நைஜர் கம்பெனி என்ற கம்பெனிக்கு ராஜ சாசனம் கொடுத்தார்கள். ஆற்றில் காலங்காலமாய் வியாபாரம் செய்துவந்த உள்ளூர் ஜனங்களின் பிழைப்பை அந்தக் கம்பெனி அடைத்தது. பொறுக்க முடியாமல் நெம்பே நாட்டின் கோக்கோ ராஜா 1895 ஜனவரியில் அகாஸ்ஸாவிலிருந்த கம்பெனிக் கிடங்கைத் தாக்கினான். அடுத்த மாதமே பிரிட்டிஷ் கடற்படை வந்து நெம்பேயைக் கொளுத்தியது. பிறகு, 1900-க்குள், அந்தக் கம்பெனி தன் உரிமைகளை பிரிட்டிஷ் சர்க்காருக்கே விற்றுவிட்டது. விலை 8,65,000 பவுன். நாட்டை விற்றவன் கம்பெனிக்காரன், வாங்கியவன் கவர்ன்மெண்ட். நாட்டுக்கு உரியவர்களை யாரும் கேட்கவில்லை. அந்தக் கம்பெனியை 1920-ல் வாங்கியவர்கள் லீவர் சகோதரர்கள். நம் வீட்டில் தேய்க்கும் சோப்பின் பரம்பரையும் அந்த ஆற்றுக்குப் போய்ச் சேருகிறது.

இன்று ஷெல் செய்திருக்கும் விற்பனை அந்தப் பிரதேசத்துக்குப் புதிதல்ல என்பதற்காகவே இதைச் சொல்கிறோம்.

கச்சா எண்ணெய்க் கதைக்கு வருவோம். 1938-ல் பிரிட்டிஷ் ஆட்சி நைஜீரியா முழுவதிலும் எண்ணெய் தேடும் உரிமையை ஷெல்லும் கூட்டாளியும் சேர்ந்த ஒரே கம்பெனிக்குத் தூக்கிக் கொடுத்தது. 1956-ல் ஒலாய்பிரி என்ற ஊரில் எண்ணெய் கிடைத்தது. 1958-ல் முதல் கப்பல் புறப்பட்டது. அதே 1958-ல் ஓகோனி என்ற சிறு இனத்தவரின் நிலத்திலும் எண்ணெய் கண்டார்கள். 1960-ல் நைஜீரியா சுதந்திரம் பெற்றது. கொடி மாறியது, குழாய் மாறவில்லை.

அந்தக் குழாய்கள் வயல் நடுவே, வீட்டு வாசலருகே, பள்ளிக்கூடத்தை ஒட்டி, கழிகளுக்கு அடியில் என்று போகின்றன. அவை துருப்பிடிக்கின்றன. உப்புத் தண்ணீரில் கிடக்கும் இரும்பு துருப்பிடிக்கும் என்று சொல்ல என்ஜினீயர் வேண்டியதில்லை. எண்ணெய் கசிந்து கழியில் கலந்தால், ஏறும் கடல் அதைக் காட்டுக்குள் கொண்டுபோகும். வடியும் கடல் வேர்களிலும் சேற்றிலும் பூசிவிட்டுப் போகும். மறுநாளும் அதே. மரம் வேரால் மூச்சுவிட முடியாமல் பட்டுப்போகும். மட்டி சாகும். மீன் ஊரை விட்டு ஓடும்.

பொடோ என்ற ஊரில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும்.

பொடோ ஓகோனி நாட்டின் கடலோர ஊர். ஆயிரக்கணக்கானவர்கள் கழியை நம்பிப் பிழைத்தவர்கள். 2008-ல் அவ்வழியே போகும் பெரிய குழாய் இரண்டு முறை வெடித்தது. முதல் கசிவு ஆகஸ்டு கடைசியிலேயே ஆரம்பித்துவிட்டது என்கிறார்கள் ஊரார். அடைத்தது நவம்பர் 7-ந் தேதி. அடுத்த மாதமே, டிசம்பரில், இரண்டாவது கசிவு. அதை அடைத்தது 2009 பிப்ரவரியில். எண்ணெய் பீறிட்டது, சட்டமன்றமும் போலீசும் பத்திரிகையும் உள்ள ஒரு நாட்டில், வாரக்கணக்கில்! கோயமுத்தூர் மில்லில் ஸ்டீம் குழாய் வெடித்தால் எத்தனை நிமிஷத்தில் வால்வை மூடுவார்கள்? அங்கே நஷ்டம் முதலாளிக்கு, ஆகவே நிமிஷக் கணக்கு. இங்கே நஷ்டம் மீனவனுக்கு, ஆகவே மாதக் கணக்கு.

முதல் கசிவில் சிந்தியது 1,640 பீப்பாய்தான் என்று கம்பெனி எழுதி வைத்தது. வழக்கு லண்டன் கோர்ட்டுக்குப் போன பிறகு, 2014-ல், அந்தக் கணக்கு குறைவானது என்று அதே கம்பெனி ஒப்புக்கொள்ள நேர்ந்தது. நிவாரணம்? 2009 மே மாதம் கம்பெனி ஆட்கள் 50 மூட்டை அரிசி, 50 மூட்டை பயறு, கொஞ்சம் சர்க்கரை, டீத்தூள், தக்காளி டப்பா என்று கொண்டுவந்து இறக்கினார்கள். ஒரு கடலைக் கொன்றுவிட்டுக் கருமாதிக்கு அரிசி அனுப்பினார்கள். ஊரார் முதலில் தொட மறுத்துவிட்டார்கள்.

பொடோ மக்கள் விடவில்லை. லண்டனில் வழக்குப் போட்டார்கள். 2015 ஜனவரியில், விசாரணைக்கு முன்பே, கம்பெனி 5 கோடியே 50 லட்சம் பவுன் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. அதில் 3 கோடியே 50 லட்சம் 15,600 பேருக்குப் பிரிந்தது. ஆளுக்குச் சுமார் 2,200 பவுன். மீதி ஊர்ப் பொதுவுக்கு. அரிசி மூட்டையிலிருந்து இந்தத் தொகைக்குக் கம்பெனியை இழுத்து வந்தது ஜனங்களின் ஒற்றுமைதான். ஆனாலும் கணக்கைப் பாருங்கள். பரம்பரை பரம்பரையாகச் சோறு போட்ட கழிக்கு ஈடாக ஒரு தடவைப் பணம். கூலி வாரா வாரம் வரும், கழியும் அப்படித்தான் தினம் கொடுத்தது. நஷ்ட ஈடு ஒரு நாள் வரும், கடனைக் கட்டினால் தீர்ந்துபோகும்.

பொடோவுக்கு அருகிலுள்ள கோய் என்ற சிற்றூருக்கு அந்த வாய்ப்பும் தாமதமாகத்தான் வந்தது. 2004-ல் அங்கே எண்ணெய் பரவித் தீப்பிடித்தது. காடு எரிந்தது, மீன் குட்டைகள் பாழாயின. ஜனங்கள் வீட்டைப் பூட்டக்கூட அவசியமில்லாமல் வெளியேறினார்கள். இப்படி ஊர் கலைவதற்குச் சர்க்கார் ரிக்கார்டில் தனிப் பெயர் கிடையாது. அணை கட்டி வெளியேற்றினால் ஒரு உத்தரவாவது இருக்கும், மாற்று மனை என்று ஒரு காகிதமாவது இருக்கும். இங்கே யாரும் வெளியேறச் சொல்லவில்லை. இருக்க முடியாதபடி செய்தார்கள், அவ்வளவுதான். கோய் கிராமத்து முதியவர் ஒருவரும் வேறு இரு ஊர் விவசாயிகளும் 2008-ல் ஹாலந்து நாட்டுக் கோர்ட்டில் வழக்குப் போட்டார்கள். 2021 ஜனவரியில்தான் கோய், ஒருமா என்ற இரண்டு ஊர்களுக்குச் சாதகமாக மேல் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. 2022 டிசம்பரில், மூன்று ஊர்களுக்குமாக ஒன்றரைக் கோடி யூரோ என்று முடிந்தது. அந்தக் கோய் முதியவர் அதற்குள் இறந்துபோயிருந்தார். வழக்கை நடத்தி முடித்தது அவருடைய மகன்.

குடிதண்ணீர் விஷயம் இன்னும் கொடியது. ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் ஸ்தாபனம் ஓகோனி நாட்டை 14 மாதம் ஆராய்ந்து 2011 ஆகஸ்டில் அறிக்கை வெளியிட்டது. ஒகாலே பகுதியில் ஜனங்கள் குடிக்கும் கிணற்றுத் தண்ணீரில் பென்சீன் என்ற நஞ்சு, உலகச் சுகாதார ஸ்தாபனம் விதித்த அளவைப் போல 900 மடங்குக்கு மேல் இருந்தது. பென்சீன் ரத்தப் புற்றுநோய் உண்டாக்கும் சரக்கு. நிலத்தடி நீரின் மேல் 8 சென்டிமீட்டர் கனத்துக்கு எண்ணெய் மிதந்தது. அந்தக் கிணறுகளுக்குப் பக்கத்தில் ஓடுவது நைஜீரிய சர்க்காரின் சொந்த எண்ணெய்க் கம்பெனிக் குழாய் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. சுத்தம் செய்து முடித்துவிட்டோம் என்று ஷெல் கணக்கில் எழுதியிருந்த 15 இடங்களை அதே நிபுணர்கள் தோண்டிப் பார்த்தார்கள். 10 இடங்களில் கம்பெனி வைத்துக்கொண்ட அளவுகோலுக்கும் மேலாகவே எண்ணெய் இருந்தது. முழுதும் சீராக 25 முதல் 30 வருஷம் ஆகலாம், முதல் ஐந்து வருஷ வேலைக்கே 100 கோடி டாலர் வேண்டும் என்றது அறிக்கை. 2016-ல் துவக்க விழா நடந்தது. மண்ணில் வேலை ஆரம்பித்தது 2019-ல். எட்டு வருஷம்! எட்டு வருஷமும் அங்கே குழந்தைகள் பிறந்தன, தண்ணீர் குடித்தன.

கம்பெனியின் கட்சியையும் கேட்போம். "குழாயை உடைத்து எண்ணெய் திருடுகிறார்கள். திருடியதைக் காட்டுக்குள் காய்ச்சி வடிக்கிறார்கள். பெரும்பாலான கசிவுக்கு அதுதான் காரணம்" என்பது அவர்கள் வாதம். திருட்டு நடக்கிறது, அந்தக் கள்ள அடுப்புகளும் கழியைக் கெடுக்கின்றன. மறுப்பதற்கில்லை. ஆனால் பொடோவின் இரண்டு கசிவுகளும் குழாயின் கோளாறால் வந்தவை என்று கம்பெனியே பொறுப்பேற்றது. மேலும், மீன் செத்த கழியில் வலை வீசிப் பயனில்லாத வாலிபன் வேறெங்கே போவான்? அவனுக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் ஒரே சொத்து அந்தக் குழாய். உடைத்தவன் பேரில் பழி போட்டால் சட்டப்படி நஷ்ட ஈடு கொடுக்க வேண்டியதில்லை என்பதும், கசிவின் காரணத்தை ஆராயப் போகும் குழுவில் கம்பெனி ஆளே முன்னிற்கிறான் என்பதும் சேர்த்துப் பார்க்க வேண்டியவை. விபத்து நடந்த மில்லில் முதலாளியின் மேஸ்திரியே விசாரணை அதிகாரி என்றால் தீர்ப்பு எப்படி வரும் என்று நம் தோழர்கள் சொல்லுவார்கள்.

எண்ணெயோடு வெளிவரும் எரிவாயுவைக் கொளுத்திவிடுவது இன்னொரு அநியாயம். ஊர் நடுவே இரவும் பகலும் தீ. சேமிக்கச் செலவாகும், கொளுத்தினால் செலவில்லை. 1979-லேயே சட்டம் போட்டு 1984-க்குள் நிறுத்தச் சொன்னார்கள். 2005 நவம்பரில் பெனின் நகரக் கோர்ட்டு இது மனிதனின் உயிர் வாழும் உரிமைக்கு விரோதம் என்றது. தீ எரிந்துகொண்டேதான் இருந்தது.

நைஜீரிய சர்க்கார் என்ன செய்தது என்று கேட்கலாம். அது காவல்காரன் வேஷத்தில் வந்த பங்காளி. ஷெல் நடத்திவந்த கூட்டு வியாபாரத்தில் 55 சதவீதம் சர்க்கார் பங்கு, ஷெல்லுக்கு 30, மற்ற இரண்டு ஐரோப்பியக் கம்பெனிகளுக்கு மிச்சம். 1969-ம் வருஷச் சட்டம் பூமிக்கடியிலுள்ள எண்ணெய் முழுவதையும் மத்திய சர்க்காருடையது என்றது. 1978-ம் வருஷச் சட்டம் நிலத்தையே மாகாண கவர்னர் பொறுப்பில் வைத்தது. விவசாயிக்கு நின்ற பயிருக்குத்தான் விலை, நிலத்துக்கு இல்லை. நிலக்கடலையும் கோக்கோவும் முக்கிய ஏற்றுமதியாக இருந்த சுதந்திர காலத்தில், விளைந்த பிரதேசத்துக்கு வருமானத்தில் 50 சதவீதம் என்று விதி இருந்தது. சிறுபான்மை இனத்தார் மண்ணிலிருந்து எண்ணெய் வர ஆரம்பித்ததும் அந்தப் பங்கு தேய்ந்துகொண்டே வந்தது. 1980-களில் 2 சதவீதத்துக்கும் கீழே. 1999 அரசியல் சட்டம் குறைந்தது 13 சதவீதம் என்கிறது. அதிலும் ஊருக்கு வந்து சேருவது எவ்வளவு என்பது கவர்னர் மாளிகைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

எதிர்த்துக் கேட்டவர்களுக்குக் கிடைத்தது துப்பாக்கி. 1990 அக்டோபர் கடைசியில் உமுயேச்செம் கிராமத்து ஜனங்கள் தண்ணீரும் வெளிச்சமும் ரோடும் கேட்டு மறியல் செய்தார்கள். கம்பெனி போலீசைக் கேட்டது. வந்தது அதிரடிப் போலீஸ். சுமார் 80 பேர் மாண்டார்கள், 495 வீடுகள் அழிந்தன என்று பின்னால் நடந்த விசாரணைக் கமிஷனே சொன்னது. 1999 நவம்பரில் ஒடி என்ற ஊரை ராணுவம் தரைமட்டமாக்கியது. அப்போது ஆண்டது ராணுவ சர்வாதிகாரி அல்ல, ஓட்டு வாங்கி வந்த சர்க்கார்.

ஓகோனி மக்கள் துப்பாக்கி தூக்கவில்லை. 1990-ல் உரிமைப் பத்திரம் எழுதி, தங்கள் ஜீவாதார இயக்கத்தைக் கட்டினார்கள். 1993 ஜனவரி 4-ந் தேதி சுமார் 3 லட்சம் பேர் ஊர்வலம் போனார்கள் என்று இயக்கத்தார் கணக்கு. அந்த இனத்தின் மொத்த ஜனத்தொகையே அன்று 5 லட்சம் அளவுதான். அந்த வருஷமே ஷெல் ஓகோனியில் கிணறுகளை நிறுத்திவிட்டு வெளியேற நேர்ந்தது. முன்னின்று நடத்தியவர் எழுத்தாளர் கென் சாரோ-விவா. 1994 மே மாதம் ஓகோனித் தலைவர்கள் நான்கு பேர் ஒரு கும்பலால் கொல்லப்பட்டார்கள். அந்தக் கொலையைச் சாக்காக வைத்து ஜெனரல் அபாச்சாவின் ராணுவ ஆட்சி சாரோ-விவாவையும் தோழர்களையும் பிடித்தது. அப்பீலுக்கு இடமில்லாத விசேஷ நீதிமன்றம். லஞ்சம் வாங்கிப் பொய்ச் சாட்சி சொன்னோம் என்று சாட்சிகளில் சிலரே பின்னால் எழுதிக் கொடுத்தார்கள். 1995 நவம்பர் 10-ந் தேதி போர்ட் ஹார்கோர்ட் சிறையில் ஒன்பது பேரையும் தூக்கிலிட்டார்கள்.

இதே கதையில் எண்ணெய்த் தொழிலாளர்களின் பாத்திரத்தை யாரும் அதிகம் பேசுவதில்லை. நாம் பேச வேண்டும். 1994 ஜூலை 4-ந் தேதி நைஜீரிய எண்ணெய், எரிவாயுத் தொழிலாளர் சங்கம் அபாச்சா ஆட்சிக்கு எதிராக வேலை நிறுத்தம் செய்தது. சில நாளில் மேல்நிலை ஊழியர் சங்கமும் சேர்ந்துகொண்டது. வாரக்கணக்கில் தேசம் ஸ்தம்பித்தது. சர்வாதிகாரி சங்க நிர்வாகங்களைக் கலைத்தான். பொதுச் செயலாளர் பிராங்க் கொகோரி ஆகஸ்டில் பிடிபட்டு, 1998 ஜூன் வரை சிறையில் கிடந்தார். வேலை நிறுத்தம் செப்டம்பரில் முறிந்தது. கேட்டது ஓகோனிக்காக அல்ல, மறுக்கப்பட்ட தேர்தல் முடிவுக்காக. ஆனால் குழாயின் வால்வு தொழிலாளி கையில்தான் இருக்கிறது என்பதை அந்த இரண்டு மாதம் காட்டியது. கழியோரத்து மீனவனும் கிணற்றடித் தொழிலாளியும் அப்போது ஒரே கோரிக்கையில் சேர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. சேரவில்லை. தொழிலாளி பெரும்பாலும் வேறு ஊர்க்காரன், வேறு பாஷைக்காரன். அந்தப் பிளவில் கம்பெனிக்கு லாபம்.

தூக்கிலிடப்பட்ட ஒன்பது பேருக்கும் 2025 ஜூன் 12-ந் தேதி ஜனாதிபதி டினுபு மன்னிப்பு வழங்கினார். கௌரவப் பட்டமும் கொடுத்தார். மன்னிப்பு! குற்றம் செய்தவனுக்கல்லவா மன்னிப்பு? அவர்கள் நிரபராதிகள் என்று அறிவியுங்கள் என்றுதான் குடும்பத்தாரும் ஓகோனி இயக்கத்தாரும் கேட்டார்கள்.  பட்டம் கொடுக்கும் அதே சமயத்தில், ஓகோனியில் மறுபடி எண்ணெய் எடுக்கப் பேச்சு வார்த்தையும் நடந்தது. 1993-ல் ஜனங்கள் அடைத்த கிணற்றைத் திறப்பதற்கு 1995-ல் கொன்றவர்களின் பெயரில் பூமாலை தேவைப்படுகிறது போலும்.

இந்தச் சமயத்தில்தான் ஷெல் கைமாற்றிவிட்டுப் போகிறது. "புதிய கம்பெனி எல்லாப் பொறுப்பையும் ஏற்கும்" என்கிறார்கள். அறுபது வருஷ லாபம் லண்டனுக்கும் ஹாலந்துக்கும் போய்விட்டது. நேற்று முளைத்த கூட்டுக் கம்பெனி அறுபது வருஷ நஞ்சை எந்தப் பணத்தில் எடுக்கும்? நைஜீரிய முதலாளி கைக்கு வந்தது தேசத்துக்கு வெற்றி என்று கைதட்டுபவர்களும் இருக்கிறார்கள். முதலாளியின் தோல் நிறத்தைப் பார்த்துத் துரு குழாயை விட்டுவிடுமா?

ஒகாலே மக்களும், தோணியில் மட்டுமே போகக்கூடிய பில்லே தீவு மக்களும் 2015-ல் லண்டனில் வழக்குப் போட்டார்கள். தாய்க் கம்பெனி வேறு, நைஜீரியக் கம்பெனி வேறு என்று ஷெல் வாதாடியது. 2021 பிப்ரவரியில் இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றம் வழக்கை அங்கே நடத்தலாம் என்றது. அதற்கே ஆறு வருஷம். 2025 ஜூனில் லண்டன் உயர் நீதிமன்றம் ஒரு முக்கியமான வார்த்தை சொன்னது. காலம் கடந்துவிட்டது என்று கம்பெனி கையை உதறிவிட முடியாது; நிலத்தில் எண்ணெய் கிடக்கும் ஒவ்வொரு நாளும் புதிய அத்துமீறலாகலாம் என்றது. கிராமத்தில் எழுத்தறியாத கிழவியும் இதைத்தான் சொல்வாள்: "என் வாசலில் கொட்டியதை எடுக்கும் வரை நீ கொட்டிக்கொண்டேதான் இருக்கிறாய்." அதைச் சட்டப் புத்தகத்தில் ஏற்றப் பத்து வருஷம் பிடித்தது. முழு விசாரணை 2027-ல் என்று வைத்திருக்கிறார்கள்.

எங்கோ ஆப்பிரிக்காவில் நடப்பது நமக்கெதற்கு என்று யாராவது கேட்டால், நைஜீரியக் கச்சா எண்ணெயைப் பெருமளவில் வாங்கிவந்த நாடுகளில் இந்தியாவும் ஒன்று என்பதைச் சொல்ல வேண்டும். காவிரி டெல்டாவின் விவசாயத் தொழிலாளிக்கு அதையும் சொல்ல வேண்டியதில்லை. 2017 ஜூன் 30-ந் தேதி கதிராமங்கலம் வயலில் ஓ.என்.ஜி.சி. குழாய் கசிந்தபோது, கேள்வி கேட்டுக் கூடிய ஜனங்கள் மேல் தடியடி நடந்ததும், கைதானவர்கள் வாரக்கணக்கில் சிறையிலிருந்ததும் அவர்கள் கண்ணால் கண்டது. 2020-ல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது அந்தப் போராட்டங்களின் பலன். ஓடிக்கொண்டிருந்த பழைய கிணறுகளை அந்தச் சட்டம் தொடவில்லை என்பதை மறக்காமலிருப்போம். கம்பெனி சர்க்காருடையதாக இருந்தாலும், மூடும் நாளில் மண்ணைச் சுத்தம் செய்ய யார் பணம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்ற கேள்வி இங்கேயும் கேட்க வேண்டியதுதான்.

ஓகோனி மக்களும் பில்லே மக்களும் தர்மம் கேட்கவில்லை. ஐ.நா. அறிக்கையில் சொன்ன சுத்திகரிப்பு வேலை முழுதும் நடக்க வேண்டும், அதற்கான பணத்தை விற்றவனும் வாங்கினவனும் கூட்டாளியான சர்க்காரும் முதலில் கட்டி வைக்க வேண்டும் என்கிறார்கள். நஞ்சு குடித்தவர்களுக்கு வைத்தியம், ஒவ்வொரு ஊருக்கும் நல்ல தண்ணீர், கோய் போன்ற ஊர்களின் ஜனங்கள் திரும்பிப் போய்க் குடியேற வழி. ஒன்பது பேரும் நிரபராதிகள் என்ற அறிவிப்பு. இவை முடிகிற வரை ஓகோனியில் ஒரு கிணற்றையும் திறக்கக் கூடாது. மில் கேட்டில் நின்று பழைய பாக்கியைக் கேட்டவர்கள் நாம். இந்தக் கோரிக்கைகளின் ஒவ்வொரு வரியையும் நாம் ஆதரிக்கிறோம். ஷெல் கம்பெனி 240 கோடி டாலரை எண்ணி வாங்கிப் பையில் போடுவதற்கு முன்னால் பொடோவின் கழியில் இறங்கி ஒரு கைத் தண்ணீர் அள்ளிப் பார்க்கட்டும்.